கோவலன் எத்தனை மணிக்குச் சாக வேண்டும்: வன்னியில் ஓர் இசை, கலை விழா

"பிள்ளை, கோவலன் எத்தனை மணிக்குச் சாக வேண்டும்?"

கூத்துப் பாட்டு எழுதிய சீ.ஆர். கொப்பியை, அந்தத் தடித்த மட்டைக் குறிப்பேட்டை, மடியில் விரித்து வைத்தபடி கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கேட்டார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. நாங்கள் கொண்டுபோன நிகழ்ச்சி நிரலில் கோவலன் கூத்துக்கு 20 நிமிடம் என்று எழுதியிருந்தது. அது விடிய விடிய ஆடுகிற கூத்து. கண்ணகி காற்சிலம்பைக் கழற்றிக் கொடுக்கும் இடத்தைப் பாடி முடிக்கவே 20 நிமிடம் போதாது. கோவலன் மதுரைக்குப் போய், பொற்கொல்லனிடம் அகப்பட்டு, பாண்டியன் ஆணையில் வெட்டுண்டு, கண்ணகி வழக்குரைத்து முடிக்க வேண்டும். இதில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று அந்த மனிதர் உண்மையாகவே எங்களிடம் கேட்டார்.

விழாவை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்றிருந்த ஓவியர் என் பக்கத்தில் நின்றார். நிரலை என்னிடமிருந்து வாங்கி, அந்த வரியைப் பேனையால் வெட்டினார். அதற்குப் பதிலாக எதையும் எழுதவில்லை. "முதலில் களரியைப் பார்ப்போம் ஐயா" என்றார். களரி என்பது கூத்து ஆடும் தரை.

ஒரு பிற்பகலில் தொடங்கி மறுநாள் விடியும் வரை கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதிக்குக் கிழக்கே உள்ள ஒரு குளத்தடிக் கிராமத்தில் அந்த விழா நடந்தது. போக்குவரத்து, அனுமதி, கணக்கு ஆகிய மூன்றும் என் பொறுப்பு. பல சமூகங்களின் கலைகளை ஒரே இடத்தில் கூட்டும் வேலையை ஒரு குழுவிடம் விடாமல் ஒரு கலைஞரிடம் விட்டால் என்ன நடக்கும் என்பதை அருகில் இருந்து பார்த்தேன். நன்றாக நடந்ததையும் பிழையாகப் போனதையும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. வன்னியில் விழாக்களுக்குக் குறைவில்லை. விழா முடிந்த பின் அதைப் பற்றி யாரும் எழுதி வைப்பதுதான் இல்லை.

ஒருவரிடம் ஒப்படைப்பது

இந்த எண்ணம் எங்களுக்கு லண்டனிலிருந்து வந்தது. அங்கே சவுத்பாங்க் சென்டரில் 1993 முதல் மெல்ட்டவுன் என்ற விழா நடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு கலைஞரை அழைத்து, யார் வருவது, யாருக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்ற முடிவை அவரிடமே விட்டுவிடுகிறார்கள். 2002 இல் டேவிட் போவி, 2005 இல் பற்றி ஸ்மித். 2017 ஜூனில் அந்தப் பொறுப்பு எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசத்திடம் வந்தது. லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, 1986 இல் அகதியாகத் திரும்பவும் லண்டனுக்குப் போனவர் அவர். எங்கள் ஓவியர் அதைப் பற்றிப் பேசும்போது பாடல்களைச் சொல்வதில்லை. லண்டன் ராப் பாடகர் கிக்ஸ், ஸ்கொட்லாந்தின் யங் ஃபாதர்ஸ், சுவீடனின் யங் லீன் என்று வேறு வேறு இடங்களில் வேர் கொண்டவர்களை ஒரே பத்து நாளுக்குள் அவர் வைத்த விதத்தைத்தான் சொல்வார். "அதில் ஒரு ஆளின் காது தெரிகிறது" என்பார்.

ஆனால் லண்டனில் மண்டபம் ஏற்கெனவே இருக்கிறது. 1951 இல் திறந்த றோயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தில் 2,500 இற்கு மேற்பட்ட இருக்கைகள், ஒலி, ஒளி, டிக்கெட் வேலைக்கு ஆட்கள், கலைஞரின் தலைமீது விழாத ஒரு கணக்குப் புத்தகம். இவையெல்லாம் இல்லாத இடத்தில் கலைஞரை நம்பி விழா தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கிலாந்திலேயே உதாரணம் உண்டு. பீற்றர் கேப்ரியல் முன்னின்று தொடங்கிய வோமாட் விழா 1982 இல் முதன்முதலாக நடந்தபோது உலகின் பல பகுதி இசையும் ஒரே திடலில் ஒலித்தது. விழா முடிந்தபோது பெரும் கடன். அதே ஆண்டு ஒக்டோபரில் அவருடைய பழைய குழுவான ஜெனசிஸ் அவருடன் சேர்ந்து ஒரு கச்சேரி செய்து அந்தக் கடனை அடைக்க உதவியது. எங்களுக்கு அப்படி ஒரு பழைய குழு இல்லை. அதனால் கையில் வந்து சேராத பணத்துக்கு எந்த வாக்கும் கொடுப்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தோம். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் அனுப்பியது, கிராமத்துச் சங்கங்கள் தந்தது, கடைக்காரர்கள் பொருளாகக் கொடுத்தது, இவ்வளவுதான் முதல்.

நம் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. 2011 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் நடந்த இசை விழா நாட்டின் பல பாகங்களின் நாட்டார் கலைகளை ஒன்றாகக் கொண்டு வந்தது. 2012 இல் காலியிலும் 2013 இல் மீண்டும் யாழ்ப்பாணத்திலும் அந்த வரிசை தொடர்ந்தது. தென்பகுதிக் கலைஞர்களை முதன்முதலாக நேரில் பார்த்தது அப்படியான மேடைகளில்தான் என்று சொல்பவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பெரிய மேடை ஒன்றைக் கண்டதன் பயன் அது. அந்த மேடையைச் சுருக்கி வன்னிக்குக் கொண்டு வருவது எங்கள் நோக்கம் அல்ல. வன்னிக்குள்ளேயே எத்தனை சமூகம் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதுதான் ஓவியரின் திட்டம்.

இப்படி விழாவை வடிவமைப்பவரைக் குறிக்கும் கியூறேற்றர் என்ற சொல்லை ஊரில் விளக்கிச் சொல்ல முதலில் திண்டாடினோம். பிறகு அண்ணாவியாரே வழி சொன்னார். கூத்துக்கு ஆள் தெரிவு செய்வது யார்? குரலையும் உடம்பையும் பார்த்து, இவன் கோவலன், இவன் கட்டியகாரன் என்று பிரிப்பது யார்? பழக்கி, அரங்கேறும் இரவில் பின்னால் நின்று முதல் அடியைப் பாடிக் கொடுப்பது யார்? "அந்த வேலைதானே இந்தப் பிள்ளைக்கு?" என்றார். அதன் பிறகு ஊரில் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

யார் வந்தார்கள்

ஐந்து குழுக்கள். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து கோவலன் கூத்து. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனோடு பிரிக்க முடியாதபடி பிணைந்த கூத்து அது. வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடலில் எடுத்த நீரில் விளக்கெரிப்பதை நம்பி வளர்ந்தவர்கள் ஆடுவது. மன்னார்ப் பெருநிலப்பரப்பிலிருந்து கத்தோலிக்க நாட்டுக்கூத்துப் பாடும் முதியவர்கள் நால்வர். மாதோட்டப் பாங்குக்கும் யாழ்ப்பாணப் பாங்குக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே பாட்டில் பாடிக் காட்டக் கூடியவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, நெடுங்காலம் புத்தளத்தில் இருந்து, திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களிலிருந்து றபான் என்ற ஒருமுகத் தோல் வாத்தியத்தை அடித்துப் பைத் என்ற பக்திப் பாட்டுப் பாடும் ஒரு குழு. 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் தப்பும் உறுமியும் எடுத்து வந்தார்கள். ஐந்தாவது, எங்கள் அயல் ஊரின் பறைமேளக் குழு.

வயல் வேலையோடு வந்த பாட்டுகளைப் பெண்கள் பாடினார்கள். நெல் அறுக்கும்போது பாடும் அருவி வெட்டுப் பாட்டும் சூடடிக்கும்போது பாடும் பொலிப் பாட்டும். அவர்களைக் குழு என்று சொல்ல முடியாது. காலபோக அறுவடை முடிந்த மாசி மாதம் என்பதால் தொண்டையில் அந்தப் பாட்டு இன்னும் சூடாகவே இருந்தது. அருவி வெட்டும் இயந்திரம் வந்த பிறகு அந்தப் பாட்டுக்கு வயலில் வேலை இல்லை. அவர்களில் மூத்தவர், வெறும் கையோடு நின்றால் பாட்டு வரவில்லை என்று சொல்லி ஒரு அரிவாளை வாங்கிப் பிடித்துக்கொண்டு பாடினார்.

மலையகத்துப் பிள்ளைகளிடம் முதலில் நாங்கள் கேட்டது, காமன் கதையை நேர்த்தியோடு ஆடும் காமன் கூத்து. காமன் கம்பம் ஊன்ற இன்னும் நாள் இருந்தது. "காப்புக் கட்டாமல் காமனை ஆட மாட்டோம் அக்கா" என்று அவர்களுடைய தலைவர் சொல்லிவிட்டார். நான் ஒரு தடவை வற்புறுத்தியிருப்பேன். ஓவியர் உடனே ஏற்றுக்கொண்டார். நேர்த்தியோடு ஆடும் ஒன்றை மேடைக்காக எடுத்துக் கேட்பது களவு என்பது அவருடைய கருத்து. காமனுக்குப் பதிலாக அவர்கள் தப்பின் அடிவகைகளை மட்டும் வரிசையாக அடித்துக் காட்டினார்கள். சாவுக்கு ஒரு அடி, கலியாணத்துக்கு ஒரு அடி, தோட்டத்தில் ஆட்களைக் கூப்பிட ஒரு அடி. இவ்வளவு கவனமாக ஊர்ச் சனம் ஒரு வாத்தியத்தைக் கேட்டதை நான் முன்பு கண்டதில்லை.

முன்பக்கம் இல்லாத தரை

நான் முதலில் போட்ட திட்டத்தில் பாடசாலை மைதானத்தின் ஒரு ஓரத்தில் இரண்டு உழவு இயந்திரப் பெட்டிகளைச் சேர்த்து மேடை. பின்னால் படங்கு. முன்னால் கதிரைகள். எல்லா விழாவும் இப்படித்தான் நடக்கிறது. அண்ணாவியார் மைதானத்துக்கு வந்து பெட்டிகளைச் சுற்றி நடந்தார். "கூத்துக்கு முன்பக்கம் என்று ஒன்று இல்லையே" என்றார்.

வட்டக்களரியில் ஆடுகிறவன் நாலு பக்கமும் திரும்பி ஆடுவான். வரவுப் பாட்டோடு களரியைச் சுற்றி வருவதே பார்ப்பவர்கள் எல்லாரையும் ஒருமுறை கண்டுகொள்ளத்தான். பெட்டி மேடையில் அந்தச் சுற்று, முதுகைக் காட்டுகிற பிழையாகிவிடும். பெட்டிகளைத் திருப்பி அனுப்பினோம். மைதானத்தின் நடுவில் மண் போட்டு, தண்ணீர் தெளித்து, உருளை உருட்டிக் களரி செய்தோம். நாலு மூலையிலும் கமுகு நட்டு மேலே வெள்ளைத் துணி கட்டினோம். இந்தத் தரை எல்லாக் குழுக்களுக்கும் பொருந்தியதா என்றால் இல்லை. மன்னார் முதியவர்கள் மேடைக் கூத்துக்குப் பழகியவர்கள். நாலு பக்கமும் ஆட்கள் இருப்பது அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. அவர்களைக் களரியின் ஒரு கரையில் வாங்கு போட்டு இருத்தி, ஒரு பக்கத்துச் சனத்தை எழுந்து மறுபக்கம் வரச் சொன்னார் ஓவியர். சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தது. ஒரு குழுவுக்காகப் பார்வையாளர்கள் இடம் மாறுவதை அன்றுதான் கண்டேன்.

பறைமேளத்தின் விஷயம் இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. வடக்கில் பறைமேளம் என்பது இடுப்பில் கட்டித் தடிகளால் அடிக்கும் இருமுக வாத்தியம். தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்த இளைஞர்கள் தப்பைத்தான் பறை என்கிறார்கள். பறையைக் கோயில் வாசலிலும் சாவீட்டிலும் கேட்டிருக்கிறோம். விழாக்களில் விருந்தினருக்கு முன்னால் வீதியில் அடித்துக்கொண்டு வருவார்கள். மண்டப வாசலோடு அவர்கள் வேலை முடியும். விருந்தினர் உள்ளே போவார், பறை வெளியே நிற்கும். இதன் பின்னால் உள்ள சாதிக் கணக்கை ஊரில் எல்லாரும் அறிவார்கள், யாரும் வாய்திறந்து சொல்வதில்லை.

ஓவியர் வரவேற்பு ஊர்வலத்தை எடுத்துவிட்டார். பிரதம விருந்தினர், பொன்னாடை, ஆசியுரை, வாழ்த்துரை ஒன்றும் இல்லை. பறைமேளத்துக்கு இரவு 8 மணி, களரியின் நடு, முழு ஒரு மணித்தியாலம். சனம் மிகக் கூடுதலாக இருக்கும் நேரம் அது. ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, கண்ணகி கதை ஆடப் போகும் களரியில் சாவுமேளமா என்று கேட்டார். சிலர் தலையாட்டினார்கள். ஓவியர் தர்க்கம் செய்யவில்லை. கூத்துக்காரரின் களரி என்பதால் அவரிடமே கேட்போம் என்று அண்ணாவியாரைப் பார்த்தார். அண்ணாவியார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "2009 இல் என் அண்ணனைப் புதைத்தபோது மேளம் இல்லை" என்றார். கூட்டத்தில் வேறு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நேரம் 8 மணி என்றே இருந்தது. அந்தப் பெரியவர் விழாவுக்கு வரவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

வைக்கோல் நெருப்பு

நிரலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மாலை மங்கும் நேரம் குளத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. தோல் தளர்ந்துவிட்டது. தப்புக் குழுவின் பையன் ஒருவன் களரிக்குப் பின்னால் வைக்கோலைக் குவித்து நெருப்பு மூட்டினான். தப்பைச் சாய்த்துப் பிடித்து, நெருப்புக்கு மேலே மெதுவாகச் சுழற்றி, விரலால் தட்டிக் கேட்டு, மீண்டும் காட்டினான். றபான் குழுவின் மூத்தவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் றபானை எடுத்துக்கொண்டு வந்து, சாரத்தை மடித்துக் கட்டி, அதே நெருப்புக்கு எதிரே குந்தினார். "கிட்டப் பிடிக்காதே தம்பி, தோல் வெடிக்கும்" என்று பையனுக்குச் சொன்னார். பறைமேளக்காரர் இருவர் பக்கத்தில் இருந்து வார் இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் அடித்துப் பார்த்தார், மற்றவர் அதற்குப் பதிலாக ஒரு தட்டு. ஐந்து நிமிடம் இருக்கும். ஓவியர் என் கையைப் பிடித்து, அங்கே போக வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம் என்று தடுத்தார்.

விழாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்கு அந்த நெருப்புத் தெரியாது. பல்லினக் கலை என்று அழைப்பிதழில் நாங்கள் அச்சடித்த சொல்லுக்கு எனக்குக் கிடைத்த பொருள் அதுதான். களரியில் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. நெருப்படியில் ஒன்றாக இருந்தார்கள். குழுக்கள் தயாராகும் இடத்தைத் தனித்தனி வகுப்பறைகளாகப் பிரித்துக் கொடுப்பதுதான் என் முதல் திட்டம். பாடசாலைத் திறப்பு (சாவி) ஒன்று கிடைக்காமல் போனதால் எல்லாரும் ஒரே கொட்டிலில் இருக்க நேர்ந்தது. என் திட்டம் நடந்திருந்தால் அந்த நெருப்பும் இருந்திருக்காது.

10 மணிக்குப் பின்

ஒலிபெருக்கி அனுமதி இரவு 10 மணி வரைதான். கூத்து 9.30 இற்குத் தொடங்கியது. அரை மணித்தியாலத்தில் ஒலியை நிறுத்த வேண்டும், கூத்தோ விடியும் வரை. இதை எப்படித் தீர்ப்பது என்று நான் இரண்டு கிழமை யோசித்தேன். ஓவியருக்கு அது பிரச்சினையாகவே தெரியவில்லை. 10 மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது ஜெனரேற்றரை நிறுத்தச் சொன்னார். இரைச்சல் அடங்கியது. பெற்றோல்மக்ஸ் விளக்கு இரண்டு ஏற்றிக் கமுகில் தொங்கவிட்டோம்.

தூரத்தில் கதிரையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்கள் எழுந்தார்கள். போகப் போகிறார்கள் என்று நினைத்து எனக்கு வயிறு கலங்கியது. அவர்கள் கதிரையை விட்டுக் கிட்ட வந்து நிலத்தில் இருந்தார்கள். களரியின் வரம்பு வரை சனம். சிறுவர்கள் முதல் வரிசையில், ஆட்டக்காரனின் சதங்கைக்கு எட்டிய தூரத்தில். மத்தளமும் சல்லாரித் தாளமும் வெறும் காற்றில் வந்தன. பிற்பாட்டுக்காரர் அடியை எடுத்துக் கொடுக்க, கிழவிமார் சிலர் தங்களை அறியாமல் சேர்ந்து பாடினார்கள். வழக்குரைக்கும் இடத்தில் கண்ணகியாக ஆடியவர் களரியின் நாலு பக்கமும் போய் நின்று நீதி கேட்டார். எங்கள் பக்கம் அவர் திரும்பியபோது என் பக்கத்தில் இருந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். அவருடைய மகனைப் பற்றி ஊரில் எல்லாரும் அறிவோம். அவன் எங்கே என்று அவர் எத்தனையோ அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்.

அண்ணாவியாரின் சீ.ஆர். கொப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய தகப்பன் எழுதிய கூத்து ஏடும் உடுப்புப் பெட்டியும் 2009 இல் இடம்பெயர்ந்து போன வழியில் விடுபட்டுவிட்டன. நினைவில் இருந்ததை எல்லாம் முகாமில் கிடைத்த கொப்பியில் எழுதத் தொடங்கினார். இடையிடையே வரி விட்டு வெற்றிடம் வைத்திருக்கிறார். அன்று இரவு ஒரு கிழவி சேர்ந்து பாடியபோது அவர் மத்தளக்காரனுக்குக் கை காட்டி நிறுத்தி, "அம்மா, அந்த அடியைத் திரும்பச் சொல்லுங்கள்" என்றார். கூத்து நின்றது. கிழவி சொன்னார். பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் அவர் அதை எழுதிக்கொண்ட பிறகுதான் ஆட்டம் தொடர்ந்தது. ஒலிபெருக்கி இருந்திருந்தால் அந்தக் கிழவியின் குரல் யாருக்கும் கேட்டிருக்காது.

பிழைகள்

றபான் குழுவுக்கு நான் கொடுத்த நேரம் மாலை 6.15. அது மஃரிப் என்ற அந்தித் தொழுகை நேரம் என்று ஒருமுறை கூட யோசிக்கவில்லை. அவர்கள் முறையிடவும் இல்லை. "நேரம் தந்தால் போதும், சமாளிப்போம்" என்றார்கள். திரும்பி வந்தவர்கள் அயலவரிடம் எதையும் கேட்கத் தயங்குகிறார்கள் என்பதை அப்போதாவது நான் விளங்கியிருக்க வேண்டும். அன்று பிற்பகல் ஓவியர் நிரலைப் பார்த்துக் கண்டுபிடித்து, அவர்களை 7 மணிக்கு மாற்றி, இடையில் தேநீருக்கு விட்டார். அச்சடித்த நிரலில் பிழை அப்படியே இருக்கிறது. அது என் பிழை.

கண்காட்சி தோற்றது. ஓவியர் தன் ஓவியங்களை வைக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் வரைந்தவற்றையும் பனையோலைப் பின்னல்களையும் ஒரு வகுப்பறையில் வைத்தோம். பகலில் வெயிலுக்கு யாரும் வரவில்லை, இருட்டிய பின் அறையில் விளக்கு இல்லை. இசைக்குக் கொடுத்த கவனத்தில் கால்வாசி கூட அதற்குக் கொடுக்கவில்லை. கலை விழா என்று பெயர் வைத்ததற்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் அது.

செலவில் பாதிக்கு மேல் வானுக்கும் லொறிக்கும் போனது. மன்னாரிலிருந்து வந்த முதியவர்களை இரவோடு இரவாகத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் பாடசாலை வாங்கில் படுக்க வைத்தோம். அடுத்த முறை ஒரு குழு குறைந்தாலும் படுக்கப் பாயும் தலையணையும் கணக்கில் முதலாவதாக எழுதப்படும். எல்லாக் குழுவுக்கும் ஆளுக்கு ஒரே தொகை கொடுத்தது சரியான முடிவு. அதைக் குழுக்களின் முன்னிலையிலேயே எண்ணிக் கொடுத்ததும் ஓவியரின் யோசனைதான்.

ஒருவரிடமே எல்லா முடிவையும் விட்டதில் ஒரு பாரம் உண்டு. ஏற்பாடு நடந்த மூன்று மாதமும் ஓவியர் ஒரு கோடு வரையவில்லை. ஊரில் மனம் நொந்தவர்கள் எல்லாரும் அவரையே நொந்தார்கள். குழு என்றால் பழியும் பங்காகும். அடுத்த விழாவை வேறொரு கலைஞர் வடிவமைக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். தப்புக் குழுவின் தலைவரிடம் கேட்டிருக்கிறோம். கண்காட்சியை இரவில் களரியைச் சுற்றியே வைக்கலாம் என்று அவர் உடனே ஒரு யோசனை சொன்னார். அயல் கிராமத்துச் சிங்களக் குழு ஒன்றையும் அழைக்கலாமா என்ற பேச்சும் இருக்கிறது. அதில் ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அவசரப்படுத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

விழா முடிந்த மூன்றாம் நாள் பறைமேளக் குழுவின் மூத்தவர் தேடி வந்தார். நிரலில் அவருடைய பெயர் "கலைஞர்" என்ற தலைப்பின் கீழ் அச்சாகியிருந்தது. வீட்டில் மாட்டுவதற்கு இன்னொரு பிரதி வேண்டும் என்றார். மீதி இருந்தவற்றில் மடிப்பு விழாத ஒன்றைத் தேடி எடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "8 மணி என்று போட்டிருக்கிறீர்கள், நாங்கள் தொடங்கியது 8.10 இற்கு" என்றார். பேனையை எடுத்துத் திருத்திக் கொடுத்தேன்.